கொழுந்து எத்தனை எழுத்து?

ஹட்டனில் நேற்று முழுக்க மழை, கரண்ட் வேறு வந்து வந்து போனது, அந்த நேரத்தில் அம்மா போனை நீட்டி "இது என்னனு பாரு தம்பி" என்றார். தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை எடை போட்டதும் வரும் குறுஞ்செய்தி. கடைசி வரி "இன்றைய கொழுந" என்பதோடு நின்றிருந்தது. எத்தனை கிலோ என்பதே இல்லை.

இதை அனுப்பும் நிரலை எழுதியவர் யாரென்று தெரியாது, பிழை நன்றாகத் தெரியும். நாம் எண்ணினால் கொழுந்து 4 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் லெங்த், அதாவது நீளம், கேட்டால் 8, ஏனென்றால் கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் 'க'வைத் தனியாக, கொம்பும் காலும் சேர்ந்த குறியைத் தனியாக, புள்ளியைக்கூடத் தனியாக வைக்கிறது. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் அதே சொல் 24 பைட். எஸ்எம்எஸ் ஒன்றில் ஆங்கிலம் 160 எழுத்து போகும், தமிழ் என்றால் இந்தக் குறிகளையும் சேர்த்து 70தான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு அளவு வைத்தால் இப்படித்தான் சொல்லின் நடுவில் வெட்டும், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. இத்தனைக்கும் அதே ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் இன்டல்.செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது, அதைக் கேட்டால் சரியாக 4 என்கிறது, இரண்டு வரி வேலை.

அம்மா அப்புறம் தோட்டத்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையிடமே போய்க் கேட்டுக்கொண்டார். 18 கிலோ.