பழைய டோசரில் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டியது

இந்த டோசரில் பேட்டரியை சார்ஜ் செய்யும் 12 வோல்ட் டைனமோ கெட்டுப்போகவில்லை. கார்பன் பிரஷ் மாற்றி, கம்யூட்டேட்டரைத் துடைத்துவிட்டால் இன்னும் சில காலம் ஓடும். ஆனால் ஐடிலில், அதாவது திராட்டில் கொடுக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது, அது எதுவும் தராது. டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட் ரிலே திறந்துகொள்ள, பாரம் முழுக்க பேட்டரி மேல் விழும். முன்னும் பின்னும் வேலை விளக்குகள் சேர்த்த பிறகு, இரவு வேலை முடிந்த மறுநாள் காலை செல்ஃப் மோட்டார் முனகுவது வாடிக்கையாகிவிட்டது. அதனால்தான் இந்த மாற்றம்.

முதலில் எர்த். இதில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். பழைய வண்டிகளில் சகஜம்தான். வாங்கிய ஆல்டர்னேட்டரோ நெகட்டிவ் எர்த். பேட்டரி தலைகீழாக இருந்தால், கரண்டை ஒரே திசையில் விடும் அதன் டயோடுகள் நொடியில் போய்விடும். பேட்டரியைத் திருப்பிப் போட்டேன். பாசிட்டிவ் முனை சற்றுத் தடிமன் என்பதால் பழைய கிளாம்புகள் சேரவில்லை, புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. செல்ஃப் மோட்டார் சீரிஸ் வைண்டிங் (சுருள்கள் எல்லாம் ஒரே வரிசையில்), ஆகவே அதன் சுழல் திசை மாறாது. சாதாரண பல்புகளுக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான்.

பிராக்கெட்தான் நிறைய நேரம் தின்றது. டைனமோ நீளமாக ஒல்லியாக இருக்கும், ஆல்டர்னேட்டர் குட்டையாகக் குண்டாக. 10 மில்லிமீட்டர் தகட்டில் புதிய பிராக்கெட் வெட்டி, பெல்ட் ஓடும் புல்லிகள் எல்லாம் ஒரே கோட்டில் வரும்வரை ஸ்பேசர் சேர்த்தேன். வெல்டிங்கை வண்டிக்கு வெளியே வைத்தே முடித்தேன். வண்டி மேல் வைத்து ஆர்க் அடிப்பதாக இருந்தால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிட வேண்டும்.

அப்புறம் புல்லி அளவு. பலர் இதைக் கணக்குப் போடுவதே இல்லை. கிராங்க் புல்லி 180 மில்லிமீட்டர், டைனமோ புல்லி 110. இன்ஜின் ஐடில் 650 சுற்று என்றால் டைனமோ புல்லி சுற்றுவது சுமார் 1060தான். அதே புல்லியை ஆல்டர்னேட்டரில் மாட்டினால் ஐடிலில் பெரிதாக எதுவும் கிடைக்காது. 75 மில்லிமீட்டர் புல்லி போட்டதும் ஐடிலில் 1560, முழு வேகமான 2000 சுற்றில் 4800. ஆல்டர்னேட்டருக்கு அதெல்லாம் ஒரு வேகமே இல்லை.

பேட்டரிக்குப் போகும் ஒரே வயரோடு வேலை செய்யும் ஒற்றை வயர் ஆல்டர்னேட்டர் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். வயரிங் சுலபம்தான், ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகம் தாண்டினால்தான் அது விழித்துக்கொள்ளும்; மெதுவாக ஓடும் டீசலில் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்ததும் திராட்டிலை உயர்த்திக்கொண்டிருக்க முடியுமா? சார்ஜிங் விளக்கு வழியாக ஃபீல்டுக்கு (காந்தப் புலம் உண்டாக்கும் சுருளுக்கு) கரண்ட் போகும் வகையை எடுத்தேன். ஒரு எச்சரிக்கை: எலெக்ட்ரிக் சோலினாய்டு வைத்து டீசலை நிறுத்தும் வண்டியில், சாவியை அணைத்த பிறகும் இந்த விளக்கு வழியே கரண்ட் திரும்பி வந்து இன்ஜின் நிற்காமல் போகலாம். அங்கே ஒரு டயோடு போட வேண்டும். எனது வண்டியில் கையால் இழுக்கும் கேபிள், பிரச்சினை இல்லை.

டாஷ்போர்டில் இருந்தது 30 ஆம்பியர் அம்மீட்டர்; ஆல்டர்னேட்டர் தரும் 60 ஆம்பியரை அதன் வழியே விட்டால் புகைதான். அதைத் தூக்கிவிட்டு வோல்ட்மீட்டர் வைத்தேன். 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் நேராக பேட்டரிக்கு, பேட்டரி அருகிலேயே ஃபியூஸ்.

ஓட்டிப் பார்த்தபோது எல்லா விளக்கும் எரிய, பேட்டரியில் 13.3 வோல்ட். சரி, குறைகிறதே என்று லோடோடு மல்டிமீட்டரில் தேடினேன். பாசிட்டிவ் பக்க இழப்பு 0.15 வோல்ட், ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.5. பிராக்கெட் அமரும் இடத்துப் பழைய பெயின்ட் தடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி, தனி எர்த் கேபிளும் போட்டதும் 0.1க்கு இறங்கியது. இப்போது அதே லோடில் 13.7, திராட்டில் கொடுத்தால் 14.1.

தூசிதான் மிச்சம். இது திறந்த விசிறி வகை. மண் வேலையில் உள்ளே இழுத்துக்கொள்ளும். பெல்டுக்கான காப்புத் தகட்டோடு சேர்த்து ஒரு மறைப்பும் செய்ய வேண்டும், காற்றோட்டத்தை அடைக்காமல்.