ஸ்டோன்ஹெஞ்ச் வாசலில் ஒரு சிலுவை

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்குக் கூட்டிப் போவது இங்கிலாந்தில் இருக்கிற நம்ம ஆட்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. போன மாதம் என் முறை. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார், பின் சீட்டில் எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை, வழி முழுக்க அம்மாவின் ஒரே கேள்வி: "மகாபலிபுரத்துல இல்லாத கல்லாடா?"

டிக்கெட் வாங்கி, கற்களுக்குப் போகிற ஷட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. தேடினால், கொஞ்சம் தள்ளி ஒரு கல் சிலுவைக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் நாலைந்து தடவை வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அது என் கண்ணில் பட்டதில்லை. 1912 ஜூலை 5 அன்று, பணியில் பறந்துகொண்டிருந்தபோது, இந்த இடத்துக்கு அருகில் விபத்தில் இறந்த கேப்டன் லொரெய்ன், ஸ்டாஃப் சார்ஜென்ட் வில்சன் நினைவாகத் தோழர்கள் எழுப்பியது என்று எழுதியிருக்கிறது. எதிரி என்ற பேச்சே அதில் இல்லை.

பிரிட்டிஷ் ராணுவத்தின் விமானப் படையான ராயல் ஃப்ளையிங் கோர் அப்போது பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தப் படையின் முதல் சாவுகள் இவை இரண்டும்தான். அன்று காலை லொரெய்ன் முதலில் வேறொருவரை ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறார், எஞ்சின் சரியாக ஓடவில்லை என்று இறங்கி, அப்புறம் வில்சனை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார். நியூபோர்ட் ஒற்றை இறக்கை விமானம், அதாவது மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இல்லாமல் ஒரே அடுக்கு இறக்கை. ரொம்பக் கூர்மையாகத் திரும்பும்போது கட்டுப்பாடு போய்த் தரையில் விழுந்தது. வில்சன் அங்கேயே போய்விட்டார், லொரெய்னும் அதிக நேரம் தாங்கவில்லை. அன்று மாலை வழக்கம்போலப் பயிற்சி நடக்கும் என்று உத்தரவு வந்ததாகச் சொல்வார்கள்.

இதில் அப்பாவுக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்றால், எங்கள் வீடு சேலையூரில். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் சத்தத்தில்தான் நான் பத்தாவது பரீட்சைக்கே படித்தேன். அங்கே இருப்பது விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கே கற்றுக்கொடுக்கிற பள்ளி. மொட்டை மாடியில் வடகம் காயும்போது மேலே கிரண் விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டே இருக்கும், "வாத்தியாருக்கே பரீட்சை நடக்குதுடா" என்பார் அப்பா.

1912-ல் அப்படி ஒரு வாத்தியார் கிடையாது, அதுதான் விஷயம். திரும்பும்போது வேகம் குறைந்தால் இறக்கை காற்றைப் பிடிக்காமல் விட்டுவிடும். அப்போது மூக்கைக் கீழே தள்ளி வேகம் எடுக்க விட வேண்டும், ஆனால் தரை நெருங்குவதைப் பார்த்துப் பயந்தவன் கை கட்டுப்பாட்டுக் கோலைத் தன் பக்கம்தான் இழுக்கும். இழுத்தால் இன்னும் மோசம். பாராசூட்டும் இல்லாததால், ஒருவன் செய்த தப்பை இன்னொருவனுக்குச் சொல்ல அவன் உயிரோடு வர வேண்டுமே.

கற்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கல், பயங்கரக் காற்று, ஆயிரம் செல்ஃபி. திடீரென்று தூரத்தில் டம் டம் என்று சத்தம் கேட்டதும் அம்மா இடி என்று நினைத்துக் குடையைத் தேடினார். பக்கத்தில் லார்க்ஹில்லில் பீரங்கிப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, அங்கே சுடுகிறார்கள்.

சாப்பிட்டுவிட்டு அந்த லார்க்ஹில்லுக்கே போனோம். 1910-ல் போட்ட விமானக் கொட்டகைகள் இன்னும் ஊருக்குள் நிற்கின்றன, தகரம் அடித்த சாதாரணக் கொட்டகைகள், நம்மூர் நெல் குடோன் மாதிரி. பிரிஸ்டல் கம்பெனியின் பறக்கும் பள்ளி இங்கேதான் நடந்தது. அவர்களுடைய பாக்ஸ்கைட் விமானத்தில் மாணவன் வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கோலைத் தொட்டுப் பார்த்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாளில் அவனே தனியாக. 1913 ஜூலையில் மேஜர் ஹெவெட்சன் என்ற பீரங்கிப்படை அதிகாரி விமானி சான்றிதழுக்கான சோதனையின்போதே இங்கே விழுந்து இறந்தார். அவருக்கும் தனியாக ஒரு சிலுவை வைத்திருக்கிறார்கள்.

இந்த நிலைமை மாற 1917 வரை ஆனது. கோஸ்போர்ட்டில் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி, அவ்ரோ விமானத்தில் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு வைத்து, பேசுவதற்கு ஒரு ரப்பர் குழாயும் மாட்டி, எதைக் கண்டு எல்லோரும் நடுங்கினார்களோ அந்தச் சுழல் வீழ்ச்சிக்குள் மாணவனை வேண்டுமென்றே கொண்டுபோய், அதிலிருந்து வெளியே வரச் சொல்லிக்கொடுத்தார். அங்கே அவர் முதலில் திருத்தியது வாத்தியார்களைத்தான். தாம்பரத்து வட்டங்களுக்கு மூலம் அங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். "அஞ்சு வருஷமா எடுத்துக்கிட்டாங்க?" என்றார்.

திரும்பி வரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 1912 செப்டம்பர் 10 அன்று இதே லார்க்ஹில்லிலிருந்து ராணுவ ஒத்திகைக்காகக் கிளம்பிய ஹாட்ச்கிஸ், பெட்டிங்டன் என்ற இருவர் ஆக்ஸ்ஃபோர்டை நெருங்கியபோது, இறக்கையை இழுத்துப் பிடிக்கும் கம்பி கழன்று துணியைக் கிழித்துவிட, வுல்வர்கோட்டில் விழுந்து இறந்தார்கள். நான்கு நாள் முன்னால்தான் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் இன்னொரு ஒற்றை இறக்கை விமானம் உடைந்து இரண்டு பேர் போயிருந்தார்கள். அதோடு ராணுவம் ஒற்றை இறக்கை விமானத்துக்கே தடை போட்டது, சில மாதம் நீடித்த தடை. வுல்வர்கோட் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம்.

அங்கே ஆற்றுப் பாலத்தில் ஒரு பலகை உண்டு. அந்தப் பாலத்துச் சுவரில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறேன், சைக்கிள் ஹேண்டில் எந்த எழுத்தின் மேல் சாய்ந்திருந்ததோ. காரைப் பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். அப்பா நடந்து போய், குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, இரண்டு பெயரையும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். குறுகலான சாலை, பின்னால் வந்த கார்க்காரர் பொறுமையாக நின்றார்.