ஓட்டம் இரத்தத்தில் இருக்கிறதா? சுங்கை சிப்புட் திடல் குறிப்புகள்

பிப்ரவரி 8
எந்தப் பிள்ளைக்கு நெடுந்தூர ஓட்டத்தில் இயல்பான திறமை இருக்கிறது என்று கண்டறியவே இந்தச் சோதனை. தோட்டப் பள்ளித் திடல், காலை 7.30. பத்து மணிக்கு மேல் வைத்தால் பிள்ளையை அல்ல, வெயிலைத்தான் சோதிப்போம். நாசி லெமாக் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் போகட்டும்.

200 மீட்டர் சுற்றுக்குச் சுண்ணாம்புக் கோடு. ஆறு சுற்று, 1,200 மீட்டர். மொத்த நேரம் போதாது, ஒவ்வொரு சுற்றையும் தனியாக எழுத வேண்டும். பத்து, பதினொரு வயதில் முதல் சுற்றை 38 வினாடியில் பறந்துவிட்டு கடைசிச் சுற்றில் 60-ஐத் தாண்டுகிற பிள்ளையை ஒதுக்கிவிடக் கூடாது. அதற்கு வேகத்தைப் பங்கிடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 15
அதே சோதனை, ஆனால் முதல் சுற்றில் 48 வினாடிக்குக் குறையக் கூடாது என்ற கட்டளையோடு. ஐந்தாம் சுற்றைக் கவனியுங்கள். மனமும் மூச்சும் தளர்வது அங்கேதான். அதில் வேகம் குறையாத பிள்ளையின் பெயரைக் கோடிட்டு வைக்கலாம். நாடியை நம்பி முடிவு செய்ய வேண்டாம். ஓடும்போது 200 வரை ஏறுவதும், நின்றதும் மளமளவென்று இறங்குவதும் சிறுவர்களுக்கு இயல்பு.

பிப்ரவரி 16
இன்று பிறந்த தேதிப் பட்டியல். பலரும் தவறுவது இதில்தான். பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்து அமைகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். இடையில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி. அதற்கு மேல் பருவம் வேறு. உயரம் வேகமாகக் கூடுவது பெண்களுக்குச் சராசரியாக 12 வயதில், ஆண்களுக்கு 14-இல். முந்தி வளர்ந்த பிள்ளை குறுக்கோட்டத்தில் எல்லாரையும் முந்தும். மற்றவர்கள் வளர்ந்ததும் அந்த இடைவெளி சுருங்கும். நவம்பரில் பிறந்து, இன்னும் குட்டையாக இருந்து, நான்காவதாக வரும் பிள்ளை எங்கள் கண்ணுக்கு முதல் பரிசுக்காரனைவிடப் பெரியவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரம் குறிக்கிறோம்.

மார்ச் 1
முதல் நாள் ஓட்டம் காட்டாத ஒன்று: பயிற்சிக்கு உடல் எவ்வளவு இணங்குகிறது என்பது. உடற்பயிற்சியையும் மரபையும் ஆராய்ந்த குளோட் பூஷார் குழுவின் ஹெரிடேஜ் ஆய்வில், பழக்கமில்லாத பலருக்கு 20 வாரம் ஒரே பயிற்சி. சிலருக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறவே இல்லை. சிலருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது. அந்த வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி குடும்ப வழி வந்தது. அது பெரியவர்களும் வாலிபர்களும் அடங்கிய ஆய்வு. ஆனாலும் தொடக்க நிலை வேறு, ஏற்றம் வேறு என்பதை மறக்க முடியாது.

ஆகவே ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு நாள் செம்பனை மண்சாலையில் 20 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகம். ஒரு நாள் 100 மீட்டர் ஆறு முறை, திரும்புவது நடந்து. இதற்கு மேல் கூட்டினால் முழங்காலுக்குக் கீழ் எலும்பு முடிச்சிலும் குதிகாலிலும் வலி வரலாம். வலித்தால் அன்றே நிறுத்தம்.

மார்ச் 22
மழை. திடல் சதசதவென்று இருக்கிறது. ஈர மண்ணில் எடுத்த நேரத்தைப் பழைய நேரத்தோடு ஒப்பிட முடியாது. சப்பாத்தும் அப்படியே: முதலில் வெறுங்காலில் ஓடியவர் மறுபடியும் வெறுங்காலிலேயே ஓட வேண்டும்.

ஏப்ரல் 12
மறுசோதனை. மொத்த நேரத்தில் பத்து வினாடிக்கு மேல் குறைத்து, சுற்றுகளும் சீராக இருந்தால் அடுத்த கட்டத்துக்கு அழைக்கலாம். ஏற்றமே இல்லாதவரையும் உடனே விடக் கூடாது. ஓடி நின்ற சில நிமிடங்களில் இருமல் வந்தால் ஆஸ்துமாவா என்று கிளினிக்கில் பார்க்க வேண்டும். இமையின் உட்புறம் வெளுத்திருந்தால், குறிப்பாகப் பருவமடைந்த பெண் பிள்ளைகளுக்கு, இரும்புச்சத்துக்கு இரத்தப் பரிசோதனை. காரணம் தீர்ந்தபின் ஜூலையில் இன்னொரு முறை, முதலில் உயரம், பிறகு ஓட்டம்.