அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணீர்

சென்ற மார்கழியில் என் மகள் தன் முதல் சம்பளத்தில், ஊட்டியில் பெயர் பெற்ற ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு எங்களை இரவு உணவுக்கு அழைத்துப் போனாள். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே, அம்மாயியை ஒருமுறை அப்படியோர் இடத்தில் உட்கார வைத்துப் பரிமாறச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாயி என்றால் என் அம்மா, வயது 79. இலங்கையில் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் 14 வயதில் கூடை தூக்கியவர், 1978இல் கோத்தகிரிக்கு வந்து, 58 வயதில் ஓய்வு பெறும்வரை அதே வேலையைச் செய்தவர். 44 ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒருவர், தேயிலை மலையின் நடுவில் இருக்கும் உயர்தர ஓட்டலில் ஒரு நல்ல தேத்தண்ணீர்கூடக் கிடைக்காமல் எழுந்து வந்தார். அந்த வருத்தம் இன்னும் ஆறாததால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்த கதையைச் சொல்லாமல் அந்த இரவைப் பற்றிச் சொன்னால், ஏதோ காசு கொடுத்த கோபத்தில் பேசுவதாகத் தோன்றிவிடும். 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், அங்கே மலையகத்தில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம். மாவும் அரிசியும் கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் தின்று நாளைத் தள்ளிய பிறகு, அப்பா இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார்.

எனக்கு அப்போது 10 வயது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயிலை எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்வார்கள்; ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சொந்தங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கையில் ஒரு குடும்ப அட்டையோடு கோத்தகிரி வந்து சேர்ந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தாம் பிறகு தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. ஊரில் டான்டீ என்பார்கள். காகிதத்தில் எங்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். ஆனால் நானும் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் பிறந்தது இலங்கையில். எங்களுக்கு இது திரும்பி வந்த ஊர் அல்ல, புதிதாக வந்த நாடு.

புதிய நாட்டில் முதலில் தடுக்கியது சாப்பாட்டுப் பேச்சுதான். பிரெட்டுக்கு எங்கள் பேச்சில் பாண் என்று பெயர்; கடையில் பாண் கேட்டேன், கடைக்காரருக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தேத்தண்ணி என்று சொன்னதற்கு ஒரு வகுப்பே திரும்பிப் பார்த்தது. பல வருடங்கள் என் பெயர் சிலோன்காரி. கொஞ்சம் கொஞ்சமாக நான் டீ என்று சொல்லப் பழகிக்கொண்டேன், அம்மா மாற்றிக்கொள்ளவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தேங்காய் ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பலும் உண்டு, அதற்குப் பால் சேர்க்காத தேத்தண்ணியும் உண்டு. உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு சீனிக்கு ஒரு வாய் சாயம் என்று அம்மா குடிப்பதைப் பார்த்துத்தான் என் மகளும் வளர்ந்தாள்.

இப்போது ஓட்டலுக்கு வருகிறேன். மகள் பத்து நாளைக்கு முன்பே தொலைபேசியில் பேசி, பாட்டிக்கு வயதாகிவிட்டது, ஜன்னலோர மேசை வேண்டும் என்று கேட்டிருந்தாள், சரியென்றும் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஏழு மணிக்கு. வாசலில் நின்ற மேற்பார்வையாளர் அம்மாவின் நூல் சேலையையும், மேலே போட்டிருந்த பழைய கம்பளிச் சட்டையையும், காலில் இருந்த ரப்பர் செருப்பையும் ஒருமுறை பார்த்தார். பிறகு எங்களைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசைக்கு அழைத்துப் போனார். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் பாத்திரச் சத்தமும், எங்கிருந்தோ நுழைந்த குளிர்காற்றும் அம்மாவின் முதுகில் அடித்தன. மகள் எழுந்து போய் நினைவூட்டினாள். ஜன்னலோர மேசைகள் மூன்றும் வேறு ஆட்களுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன என்றார்கள். நாங்கள் எழுந்து வரும்வரை அவற்றில் ஒருவரும் வந்து உட்காரவில்லை.

உணவுப் பட்டியல் முழுவதும் ஆங்கிலம். தமிழ்நாட்டில், தமிழ் தெரிந்தவர்கள் காசு கொடுத்துச் சாப்பிட வரும் இடத்தில், ஒரு பக்கமாவது தமிழில் அச்சிட்டு வைப்பது பெரிய செலவாக இருக்க முடியாது. நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நமக்குத் தெரிஞ்சது எது இருக்கோ அதச் சொல்லு தாயி" என்றார். தக்காளி சூப், கோழி வறுவல், நீலகிரி குருமா, ரொட்டி, கடைசியாகத் தேநீர் என்று முடிவானது.

நான் 24 ஆண்டுகளாகப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக வேலை செய்கிறேன். குளிர்ப் பிரதேசத்தில் சோறு பரிமாறுவதைப் பற்றி எனக்குச் சில விஷயங்கள் தெரியும். அண்டாவைத் திறந்த ஐந்து நிமிடத்தில் சாம்பாரின் மேல் ஏடு கட்டிவிடும். ஆகவே பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், தட்டை வெந்நீரில் அலசிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பணமோ பெரிய படிப்போ தேவையில்லை, சாப்பிடுகிறவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் போதும். அந்த ஓட்டலில் சூப் வர ஐம்பது நிமிடம் ஆனது. வந்தபோது, அகலமான குளிர்ந்த பீங்கான் தட்டின் அடியில் இரண்டு கரண்டி அளவுக்கு இருந்த அந்தச் சூப் வெதுவெதுப்பைக்கூட இழந்திருந்தது. கோழியை மகள் கத்தியால் அறுக்க முயன்று கைவிட்டாள். ரொட்டி ஓரத்தில் விறைத்துப் போயிருந்தது.

நீலகிரி குருமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொத்தமல்லியும் புதினாவும் பச்சை மிளகாயும் அரைத்துச் செய்யும் பச்சைக் குருமாவுக்கு ஓட்டல்கள் இந்த மலையின் பெயரை வைத்திருக்கின்றன. இந்த மாவட்டத்தில் 47 ஆண்டுகளாக வாழ்கிறேன். படுகர் வீட்டுக் கல்யாணத்திலும் சாப்பிட்டிருக்கிறேன், லயம் என்று சொல்லும் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளிலும் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பெயரில் ஒரு குருமாவை ஒரு வீட்டிலும் கண்டதில்லை. பெயர் எப்படி இருந்தாலும் ருசி இருந்தால் மனம் ஆறும். முந்திரி அரைத்த விழுதும் பாலேடும் சேர்ந்து இனித்த அந்தக் குழம்பில் மிதந்த கேரட் சதுரங்கள், பாக்கெட்டில் உறைய வைத்து வரும் காய்களுக்கே உரிய ரப்பர்த் தன்மையோடு இருந்தன. அன்று காலைதான் கேத்திப் பக்கம் கழுவி மூட்டை கட்டிய கேரட் லாரி லாரியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியிருக்கும். அம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்போம், கடைசியில் அந்தத் தேநீர் மட்டும் நன்றாக இருந்திருந்தால். பட்டியலில் ஒரு கோப்பை 350 ரூபாய். அம்மாவுக்கு அதைச் சொல்லவில்லை. வெள்ளைக் கோப்பையில் தண்ணீரும், அதன் பக்கத்தில் நூல் கட்டிய ஒரு காகிதப் பையும் வந்தன. அம்மா கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். ஆவி இல்லை. பையை உள்ளே விட்டார். நாலைந்து நிமிடம் கழித்தும் தண்ணீர் வைக்கோல் கழுவிய நிறத்தில்தான் இருந்தது. நூல் நுனியைப் பிடித்துப் பையைத் தூக்கி முகர்ந்தார். "இது எந்தத் தோட்டத்துப் பொடியாம், கேளு" என்றார். கேட்டோம். பரிமாறிய பையன் உள்ளே போய்க் கேட்டு வந்தான், ஒருவருக்கும் தெரியவில்லை.

கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாயம் இறங்குவதற்குச் சமவெளியில் இருக்கும் சூடு இங்கே முதலிலேயே கிடையாது. ஆகவேதான் மலையில் இருப்பவர்கள் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே தூளின் மேல் ஊற்றி, மூடி வைத்து, ஒரு நிமிடம் கூடுதலாகப் பொறுப்பார்கள். சூடு பண்ணிப் பிளாஸ்கில் ஊற்றி வைத்த தண்ணீரைக் குளிர்ந்த கோப்பையில் விட்டுக் கொடுத்தால் எந்த உயர்ந்த தூளும் பயன் தராது. பெரும்பாலும் பைக்குள் போவதும் முழு இலை அல்ல, சலிப்பில் கடைசியாக விழும் பொடிதான். ஒரு பையில் சுமார் 2 கிராம். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதிலிருந்து 500 பை போடலாம். அம்மா நல்ல நாளில் 20 கிலோவுக்கு மேல் எடை போட்டவர். பனி கொட்டும் காலையில் கைவிரல் மரத்துப்போக, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளியவருக்கு முன்னால் அந்தக் கோப்பையை வைத்தபோது, எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

பரிமாறிய பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வயதுகூட இருக்காது. மகள் இந்தியில் பேசியபோது, ஜார்க்கண்டிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் 'வாங்க', 'தண்ணி', 'பில்' ஆகிய மூன்றும்தான். யாரும் அவனுக்கு எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை; சாப்பிடுகிறவர்களுக்கு இடது பக்கமா வலது பக்கமா நிற்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் பயந்து பயந்து தட்டு எடுத்தான். எங்கள் தோட்டத்திலும் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். அம்மா அவன் கையைப் பிடித்து, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டார். வார்த்தை புரியாமலே அவன் தலையை இரு பக்கமும் ஆட்டினான். ஆளை வேலைக்கு வைத்துப் பழக்காமல், நான்கு மாதமாக அவனை முன்னே நிறுத்திவிட்டுத் தாங்கள் உள்ளே நின்ற பெரியவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

பில் வந்தது. சாப்பாட்டுக்கு 7,200 ரூபாய். அதன் மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், 720 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 9,346. மகள் குரலை உயர்த்தவில்லை. ஓட்டல்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருப்பதையும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றதையும் எடுத்துச் சொல்லி, நீக்கித் தரும்படி கேட்டாள். மேற்பார்வையாளர் மறுத்தார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுகிறேன் என்று அவள் தொலைபேசியை எடுத்த பிறகு, இருபது நிமிடம் கழித்து 8,496 ரூபாய்க்குப் புதுப் பில் வந்தது. குறைந்த பணத்தில் 500 ரூபாயை மகள் அந்தப் பையன் கையில் நேராகக் கொடுத்தாள். மறுநாள் நிர்வாகத்துக்கு நான் தமிழில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்திருக்கிறது.

திரும்பும்போது தொட்டபெட்டா முனையில் மூடுபனி வண்டியின் விளக்கை விழுங்கிக்கொண்டிருந்தது. மகள் முன் இருக்கையில் சத்தமில்லாமல் அழுதாள். ஆசையாகச் சேர்த்து வைத்த பணம் போனதற்காக அல்ல, அம்மாயியை அந்தக் கதவுப் பக்கம் உட்கார வைத்துவிட்டார்களே என்று. 1978இல் மண்டபத்தில் வரிசையில் நின்றபோது, எங்களை ஏறிட்டுப் பார்க்காமலேயே சோற்றை அள்ளிப் போட்ட கை எனக்கு நினைவுக்கு வந்தது. இத்தனை வருடத்தில் அதை நான் மறந்திருந்தேன். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, அரசு வேலை என்று எல்லாம் கிடைத்து, இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டோம் என்று நினைத்திருந்தேன்.

கோத்தகிரியில் வீடு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. யாரும் கேட்காமலே அம்மா அடுப்பைப் பற்ற வைத்தார். கேத்தலில் தண்ணீர் கொதித்து மூடி ஆடும்வரை பக்கத்திலேயே நின்றார். டம்ளர்களில் முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினார். பிறகு கூஜாவில் தூளைப் போட்டு, கொதிக்கும் தண்ணீரை விட்டு, மேலே ஒரு தட்டை மூடி, அதன் மேல் துணியைப் போர்த்தினார். வடிகட்டியபோது சாயம் செம்பு நிறத்தில் இறங்கியது. மகளின் உள்ளங்கையில் சீனியை வைத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த சம்பளத்துக்கும் கூட்டிட்டுப் போ, வாரேன். போனதும் மொதல்ல தண்ணிய நல்லா கொதிக்க வைக்கச் சொல்லு. மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."