முதலில் மூச்சு: லூயி ஜூவேயின் நடிப்பு வழி

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் 'பெண்கள் பள்ளி' நாடகத்தில் ஆன்யெஸ் என்ற இளம்பெண் பிரெஞ்சில் சொல்கிறாள்: "லெ பெ-தி ஷா ஏ மோர்." பூனைக்குட்டி செத்துப்போச்சு. அவளை மணப்பதற்காகவே பூட்டி வளர்க்கும் ஆர்னோல்ஃப் பதில் சொல்கிறான்: "செ தொ-மா-ஜெ, மே க்வா?" ஐயோ பாவம், அப்புறம்?

ஆளுக்கு 6 அசை, இரண்டும் சேர்ந்தால்தான் 12 அசை கொண்ட ஒரு முழு அடி. வீட்டுப் பேச்சில் 'பெ-தி' சுருங்கி 'ப்தி' ஆகும், 'தொமாஜெ' கடைசி உயிரை இழந்து 'தொமாஜ்' ஆகும். மேடையில் அப்படிச் சொன்னால் இரண்டு பக்கமும் ஐந்தாகி அடி நொண்டும். கணக்குக்குப் பயந்து அசை அசையாக இழுத்தால் அது வெறும் ஒப்பித்தல். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடம்தான் செவ்வியல் நடிகரின் களம்.

1936இல் பாரீஸின் அத்தேனே அரங்கில் ஆர்னோல்ஃபாக நடித்து, இந்த நாடகத்தை இயக்கியவர் லூயி ஜூவே (1887–1951). மருந்தாளுநர் படிப்பு படித்தவர். அரசு நாடகப் பள்ளியான கொன்செர்வத்துவாரின் நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். 1913இல் இயக்குநர் ழாக் கோப்போவின் வியூ கொலோம்பியே நாடகக் குழுவில் சேர்ந்து, நடிப்போடு மேடை நிர்வாகம், விளக்கு, அரங்க அமைப்பு எல்லாவற்றையும் பார்த்தார். அவர் வடிவமைத்த விளக்குகளுக்கு 'ஜூவே' என்றே பெயர் வந்தது. 1923இல் ஜூல் ரொமேன் எழுதிய 'க்னோக்' நகைச்சுவை நாடகம் பெரும் வெற்றி. பிற்காலத்தில் கல்லா காலியாகும்போதெல்லாம் அதையே மறுபடி மேடையேற்றினார்.

மேடைக்குப் பின்னால் வேலை செய்த கை 1936லும் தெரிகிறது. மூல நாடகத்தில் எல்லாம் ஒரே தெருச் சதுக்கத்தில் நடக்கும். பெண்ணைப் பூட்டி வைத்திருப்பவன் அவளோடு அந்தரங்கமாகப் பேசத் தெருவுக்கு அழைத்து வருவது ஒட்டவில்லை. கிறிஸ்தியான் பெரார் அமைத்த அரங்கில் தோட்டத்து மதில்களே இருபுறமும் விரிந்து திறந்தன. தெரு அப்படியே தோட்டமாயிற்று. எனக்கு இதுதான் ஜூவேயின் மேடையேற்றத்தில் மிகச் சிறந்த தீர்வாகப் படுகிறது.

தன்னைச் சேர்க்க மறுத்த அதே பள்ளியில் 1934 முதல் ஆசிரியர். 1940இல் மோலியேரின் 'தோன் ஜுவான்' நான்காம் அங்கத்தில், கைவிடப்பட்ட மனைவி எல்வீர் கணவனைத் திருந்தும்படி கெஞ்சி விடைபெறும் காட்சியை ஒரு மாணவிக்கு மறுபடி மறுபடி சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்புகள் சுருக்கெழுத்தில் பதிவாகியிருக்கின்றன. இந்தக் காட்சியில் எளிதாக வரக்கூடிய பிழை ஒன்று: நடிகை சோகத்தை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வருகிறாள், குரல் தழுதழுக்கிறது, வாக்கியம் பாதியில் உடைகிறது. எல்வீரின் வாக்கியங்கள் நீளமானவை. நடுவில் கண்ட இடத்தில் மூச்சு வாங்கினால் கெஞ்சல் புலம்பலாகிவிடும். வாக்கியம் எவ்வளவு நீளமோ அவ்வளவு மூச்சை முதலில் எடுக்க வேண்டும், அது முடியும்வரை விடக்கூடாது. அந்த மூச்சுதான் உணர்ச்சியைக் கொண்டுவந்து சேர்க்கும்.