பேஸ் எங்கே போச்சு?

எங்கள் குழுவின் முதல் நான்கு பாடல்களை முடிக்க 7 மாதம் ஆனது. அதில் நாங்கள் வாசித்துப் பதிவு செய்த நாட்கள் 12தான். மீதி எல்லாம் மிக்ஸிங் (பதிவுகளை ஒன்றாகக் கலப்பது), மாஸ்டரிங் (கலந்ததை வெளியீட்டுக்கு மெருகேற்றுவது). மெட்டல் என்ற முரட்டு ராக் இசை வாசிக்கிற நண்பர்கள் சேர்ந்தால் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். அந்த ரிஃப் கேட்பவர் காதுக்குப் போவதற்குள் அதற்கு என்னென்ன நடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது தெரிந்த அளவுக்கு எழுதிவைக்கிறேன்.

கிட்டாரைப் பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் பதிவு செய்தோம். மே மாதம். ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதை அணைத்துவிட்டு, கதவில் போர்வை தொங்கவிட்டு, ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) முன்னால் ஒரே ஒரு ஷூர் எஸ்எம்57 மைக். அதை ஸ்பீக்கர் கூம்பின் நடுவுக்கு நேராக வைத்தால் காதைக் குத்தும் கூர்மை. விளிம்புப் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்தினால் அதே ஆம்ப் வேறு ஆம்ப் போலக் கேட்கிறது. ஒரு மதியம் முழுக்க மைக்கை நகர்த்துவதிலேயே போனது. பிறகு கணினியில் வாரக்கணக்கில் செய்த எந்தத் திருத்தமும் அந்த ஒரு மதியத்தின் அளவுக்குப் பலன் தரவில்லை.

ஆனால் கெய்ன் (ஆம்ப் ஒலியை எவ்வளவு கரகரப்பாக்க வேண்டும் என்ற குமிழ்) விஷயத்தில் தவறிவிட்டேன். மேடையில் 9இல் வைப்பேன், அதையே இங்கும் வைத்தேன். ஒவ்வொரு ரிஃப்பையும் நான்கு முறை வாசித்து, இரண்டை இடப்பக்கமும் இரண்டை வலப்பக்கமும் போட்டேன். கிட்டாரைத் தனியாகக் கேட்டால் மிரட்டியது. டிரம்ஸோடு சேர்த்தால் தேன்கூடு கலைந்த மாதிரி ஒரே இரைச்சல். அந்தக் கரகரப்பு, அதாவது டிஸ்டார்ஷன், என்பதே ஒலியலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்குவதுதானே. கெய்ன் ஏற ஏற, மெதுவாக மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஒரே அளவாகிவிடும், பிக் (மீட்டும் தகடு) கம்பியில் விழும் அந்த முதல் அடி காணாமல் போய்விடும். கெய்னை 5க்குக் குறைத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே டிராக் வாசித்தேன். கனம் கூடியது! அன்று இரவு அதை நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிவு செய்து 1990இல் வந்த என்டூம்ட் குழுவின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தில், பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடலின் நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருப்பித்தான் அந்த ரம்பச் சத்தத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்வீடிஷ் டெத் மெட்டலுக்கே அது முகவரியாகிவிட்டது. எங்கள் ரிஃப்களோ வெட்டி வெட்டி நிற்பவை. அவற்றுக்கு நடுவில் மௌனம் வேண்டும். ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்' (1986) தான் எனக்கு வழிகாட்டி. தயாரிப்பாளர் ரிக் ரூபின் அதில் எதிரொலியை ஏறக்குறைய முழுவதும் நீக்கியிருக்கிறார். அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்பது அந்த வறட்சியால்தான்.

டிரம்ஸ் வாடகை ஸ்டுடியோவில் ஒரே நாளில் முடிந்தது. காலால் அடிக்கும் கிக் டிரம்மில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கியதும் டபுள் பேஸ் ஓட்டங்கள் (இரண்டு காலாலும் கிக்கை வேகமாக அடிப்பது) தெளிந்தன. அதற்கு மேல் அதில் பெரிய கதை இல்லை.

கதை முழுக்க, தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரில்தான். முதல் மிக்ஸைக் கேட்டுவிட்டு எங்கள் பேஸ் வாசிப்பவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "நான் எங்கடா இருக்கேன்?" பேஸ் ஒலியளவை ஏற்றினேன். சத்தம் கூடியது, அவன் வாசித்த ஸ்வரம் மட்டும் கேட்கவில்லை. மெட்டாலிகாவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) நினைவுக்கு வந்தது. ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டத்தட்ட கேட்கவே கேட்காத ஆல்பம் அது. அங்கே மிக்ஸிலேயே அதைக் குறைத்துவிட்டார்கள். இங்கே நான் ஏற்றியும் அதே நிலை.

கணக்குப் போட்டுப் பார்த்ததும் புரிந்தது. நாங்கள் டிராப் சி டியூனிங், அதாவது கடைசிக் கம்பியை வழக்கத்தைவிடத் தாழ்த்தி சி ஸ்வரத்தில் வைப்பது. கிட்டாரின் கடைசிக் கம்பி 65 ஹெர்ட்ஸ், பேஸில் அதே ஸ்வரம் 33 ஹெர்ட்ஸ். பேஸின் முதல் மேற்சுரமே (ஸ்வரத்தோடு சேர்ந்தே எழும் உயர்ந்த அதிர்வு) 65இல்தான் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் இரண்டு கிட்டார்களும் கிக் டிரம்மும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. ஆக, கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை வெட்டினேன். மனசு கேட்கவில்லை, தனியாகக் கேட்டால் கிட்டார் மெலிந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால், நாம் 'கிட்டாரின் கனம்' என்று நினைத்துக் கேட்பதில் பாதி பேஸ் கிட்டாருடையது. பிறகு பேஸை நகலெடுத்து, நகலில் மட்டும் டிஸ்டார்ஷன் போட்டு, அதன் அடிப்பகுதியை வெட்டிவிட்டு, மூலத்துக்கு அடியில் மெல்லியதாகக் கலந்தேன். 33 ஹெர்ட்ஸைச் சின்ன ஸ்பீக்கரால் ஒலிக்க முடியாது, ஆனால் அதன் மேற்சுரங்கள் கேட்டால் போதும், காது மீதியை நிரப்பிக்கொள்ளும்.

அப்புறம் மாஸ்டரிங். ஒரு பொறியாளருக்கு அனுப்பினோம். "முடிந்த அளவு சத்தமாக" என்று எழுதியது நான்தான். திரும்பி வந்தது -6 லஃப்ஸ் அளவில் இருந்தது (லஃப்ஸ் என்பது சத்தத்தின் அளவுகோல், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்). முதல் தடவை கேட்டபோது பரவசம். மறுநாள் என் பழைய மிக்ஸையும் இதையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேட்டேன். ஸ்னேர் டிரம் செத்துப்போயிருந்தது. சத்தம் கூடுதலாக இருப்பதையே காது நல்லது என்று எடுத்துக்கொள்கிறது. அளவைச் சமப்படுத்தினால்தான் உண்மை தெரிகிறது. ஸ்பாட்டிஃபை பாடல்களைச் சமப்படுத்தும் இயல்பு அளவு -14 லஃப்ஸ். எங்கள் பாட்டை அது 8 டெசிபல் இறக்கித்தான் ஒலிக்கும். சத்தத்தின் லாபம் போய்விடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

பொறியாளரிடம் கேட்டபோது பொறுமையாகச் சொன்னார்: நீங்கள் அனுப்பிய மிக்ஸிலேயே லிமிட்டர் (ஒலியின் உச்சங்களை அமுக்கும் கருவி) போட்டு நசுக்கியிருக்கிறீர்கள், அதை நான் பிரித்தெடுக்க முடியாது. 2008இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னட்டிக்' வந்தபோது நடந்ததும் இதுதான். 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் வந்த அதே பாடல்கள் சிடியைவிடத் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்துக் கொந்தளித்தார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வரும்போதே மிக்ஸ் நசுங்கியிருந்தது என்றார். அந்தப் பிரச்சினையைப் பற்றி நான் பல வருடங்களாகப் பேசியிருக்கிறேன். என் கோப்பிலும் அதே லிமிட்டர் இருந்தது.

மிக்ஸைத் திறந்து லிமிட்டரை எடுத்தேன், உச்சத்தில் 6 டெசிபல் இடம் விட்டு மறுபடி அனுப்பினேன். இந்த முறை சத்தத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை, ஸ்னேர் உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். -10 லஃப்ஸில் வந்தது. நண்பனின் காரில், மலிவு இயர்போனில், வீட்டு டிவியில் எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். அன்று இரவே எல்லோருக்கும் அனுப்பினேன்.

காலையில் பேஸ்காரனிடமிருந்து ஃபோன். பஸ்ஸில் இருந்தான், இயர்போன்கூட இல்லை, ஃபோன் ஸ்பீக்கரைக் காதோடு வைத்துக் கேட்டிருக்கிறான்.

"மூணாவது பாட்டு, ரெண்டாவது நிமிஷம், அந்த இறக்கம் வருதுல்ல," என்றான். "கேக்குதுடா."

சரி, அதையே வெளியிடலாம் என்று முடிவு செய்தோம்.