159 பிரதி விற்றால்தான் போட்ட செலவே தேறும்

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான், அதாவது காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் கண்காட்சி, நடந்தபோது, கோவையிலிருந்து போய் என் காமிக்ஸை விற்க நானும் ஒரு மேசை பிடித்திருந்தேன். பாதி மேசைதான், மறுபாதி நண்பனுடையது. 32 பக்கக் காமிக்ஸ், 300 பிரதி, விலை 150 ரூபாய். இரண்டு நாளில் 71 போனது. முதல் தடவைக்கு இது நல்ல விற்பனை என்று பக்கத்து மேசையில் சொன்னார்கள். நானும் சந்தோஷமாக ரயில் ஏறி, ஈரோடு தாண்டும்போதுதான் கணக்கைப் போட்டேன்.

வாடகையில் என் பங்கு, பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 14,000. ஒரு பிரதி அச்சிட 62 ரூபாய் ஆகியிருந்தது, ஆக விற்றால் கையில் நிற்பது 88. 14,000ஐ 88ஆல் வகுத்தால் 159. நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று வைத்தால், ஏழு நிமிடத்துக்குள் ஒரு பிரதி போக வேண்டும். ஒருவருக்குக் கதையை விளக்கவே எனக்கு ஐந்து நிமிடம் ஆனது! நஷ்டம் அரங்கில் வரவில்லை. விலை வைத்த அன்றைக்கே வீட்டில் முடிவாகிவிட்டது.

அதனால் புதிதாக மேசை எடுப்பவர்கள் அச்சகத்துக்குப் போகும் முன் இந்த வகுத்தலைச் செய்துவிடுங்கள். சிவகாசியில் ஆப்செட்டில் அடித்தால் பிரதி விலை நன்றாகக் குறையும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உண்மைதான், ஆயிரம் அடித்தால். மீதி எண்ணூறு கட்டிலுக்கு அடியில் கிடக்கும். முதல் புத்தகத்துக்கு டிஜிட்டலில் இருநூறு போதும். தாள்களை நடுவில் மடித்து சென்டர் பின் போடுவதாக இருந்தால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும். 30 பக்கம் வரைந்துகொண்டு போனால் இரண்டு பக்கத்தை எதையாவது வைத்து நிரப்பச் சொல்வார்கள்.

அடுத்து பெங்களூர் போனேன். இங்கே வரி விஷயம் ஒன்று. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. போஸ்டர், ஸ்டிக்கருக்கு உண்டு. சொந்த மாநிலத்தில் விற்கும்வரை, வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு என்ற வரம்பு நம்மைக் காப்பாற்றும். வெளிமாநிலத்தில் மேசை போட்டு அவற்றை விற்றால் அந்த வரம்பு செல்லாது. 'கேஷுவல் டேக்ஸபிள் பெர்சன்' என்று அங்கே தற்காலிகப் பதிவு எடுத்து, உத்தேச வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆடிட்டர் இதைச் சொன்னதும், சரி, புத்தகம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். 16 பக்கத்தில் ஒரு குட்டிக் கதை 60 ரூபாய், பெரிய புத்தகம் 180, இரண்டும் சேர்த்து 220. தயங்கி நிற்பவர் முதலில் அறுபதைத்தான் எடுக்கிறார். எடுத்த கையோடு பாதிப் பேர் 220க்கு வந்துவிடுகிறார்கள். செலவெல்லாம் போக மூவாயிரம் சொச்சம் மிஞ்சியது.

புகழ்பெற்ற ஜப்பானிய, அமெரிக்கப் பாத்திரங்களை வரைந்து விற்றால் இதைவிட வேகமாகப் போகும் என்பது தெரியும். பக்கத்திலேயே பார்க்கிறோமே. ஆனால் அந்தப் பாத்திரங்களின் பதிப்புரிமை வேறொருவருடையது. தவிர, அந்தப் படத்தை வாங்கியவர் அடுத்த வருடம் என்னைத் தேடி வர எந்தக் காரணமும் இல்லை.

மேசையில் புத்தகத்தைப் படுக்க வைக்காதீர்கள். நடப்பவர் கண் மட்டத்துக்கு நிமிர்த்தி வையுங்கள். கசங்கினாலும் பரவாயில்லை என்று ஒரு பிரதியைப் புரட்டிப் பார்க்க விடுங்கள். கூட்டம் ஏறினால் அரங்கில் நெட்வொர்க் படுத்துவிடும், கியூஆர் அட்டையை மட்டும் நம்பாமல் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் வைத்திருங்கள். கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், சாப்பிடவாவது போக வேண்டாமா?

சென்னையில் தமிழ் அட்டையைப் பார்த்து நின்றவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். பழைய தமிழ் காமிக்ஸ் இதழ்களின் பெயரைச் சொல்லி, "லயனா, முத்துவா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சின்ன வயதில் படித்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பேரம் பேசாமல் வாங்குவார்கள். போகும்போது "அடுத்த பாகம் எப்போது வரும்?" என்று கேட்பார்கள். பின்னட்டையில் ஒரு மின்னஞ்சல் முகவரிகூடப் போடாமல் 71 பிரதியைக் கொடுத்தனுப்பியவன் நான். இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அந்த 71 பேரிடம் சொல்லத்தான் வழியில்லை.